பதிமூன்று விநாடி மிச்சம்

பதினோரு வருடமாக இந்தச் சாலையை
உட்கார்ந்தபடியே கடந்திருக்கிறேன்.
துயீனோவில் எடுத்தால் திரியெஸ்தே ரயில் நிலையம் வரை
முப்பத்தெட்டு நிமிடம்;
காற்றடிக்கும் நாளில் நாற்பத்தொன்று.
இன்று அதே தூரத்துக்கு இரண்டு மணி நேரம் கேட்கிறேன்,
அதுவும் போதுமா தெரியவில்லை.

முழங்கைக்குக் கீழே பேனாவால் எழுதியிருக்கிறேன்:
கிலோமீட்டருக்கு ஐந்து நிமிடம் நாற்பத்தொரு விநாடி.
போன வருடம் மூன்று நிமிடத்தில்
இரண்டு மணியைத் தவறவிட்டேன்.
தவறவிட்டவர்களின் முகம் எனக்குத் தெரியும்.
தினமும் பக்கக் கண்ணாடியில் பார்க்கிறேன்,
சின்னதாகிக்கொண்டே போகும்.

துப்பாக்கி வெடித்தபோது நான்
கழிப்பறை வரிசையில் ஏழாவது ஆள்.
முன்னால் நின்ற உதீனே ஊர்ப் பல் மருத்துவர்
"பதறாதே, ஷூவில் கட்டிய சில்லு
நீ கோட்டை மிதித்த பிறகுதான் எண்ணும்" என்றார்.
நானும் பயணிகளிடம் இப்படித்தான் சொல்வேன்:
அடுத்த வண்டி பின்னாலேயே வருகிறது.

இடப்பக்கம் சுண்ணாம்புப் பாறை, வலப்பக்கம் கடல்.
பாறை விலகும் இடத்திலெல்லாம்
போரா புகுந்து விலாவில் முட்டுகிறது.
கால்களுக்குப் பழக்கம் விடவில்லை.
ஒவ்வொரு நிறுத்தக் கம்பத்திலும் வலது பாதம்
இல்லாத பிரேக்கைத் தேடுகிறது.
பதினோரு வருடமாகச் சும்மா கிடந்த இடது கால்தான்
புலம்பாமல் வருகிறது.

கிரின்யானோவுக்கு முன்னால் சாலை ஏறுகிறதாம்.
எஞ்சினுக்குத் தெரிந்திருக்கும்.
எனக்குச் சொல்லவில்லை.

பார்கோலா.
நடைபாதையில் துண்டு விரித்து மல்லாந்து கிடக்கிறார்கள்,
மே மாத வெயிலை ஒரு துளி சிந்தவிடாமல்.
எண்ணெய் மினுங்கும் ஒருவர் ஒற்றைக் கண்ணைத் திறந்து
"யாரம்மா துரத்துவது?" என்று கேட்டுவிட்டு மூடிக்கொண்டார்.
பதில் சொல்ல மூச்சில்லை.
இருந்தாலும் என்ன சொல்வது,
துரத்துவதே நான்தான் என்றா?

பதினெட்டில் நடந்தேன்.
பதினான்கு அடி. எண்ணினேன்.
கெண்டைக்கால் கல். நாக்கு மேலண்ணத்தில்.
கையைப் பார்த்தால் வியர்வையில் மை கரைந்து
ஐந்து மட்டும் நிற்கிறது.

ரயில் நிலையத்தருகே தடுப்புக்குப் பின்னால்
என் வண்டி.
ஓட்டுவது ஃபுல்வியோ.
உள்ளே காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டு நிற்கிறவர்கள்
கண்ணாடியில் மூக்கை ஒட்டி என்னைச் சபிக்கிறார்கள்.
அவர்கள் தாமதத்துக்கு இன்றும் நானே காரணம்.
ஃபுல்வியோ கதவைத் திறந்தான்.
அந்த உஸ்ஸென்ற சத்தம்;
முழங்கால் மடங்கப் பார்த்தது.
"ஏறுகிறாயா, ஒன்தீனா?"
அம்மா காதில் விழக்கூடாத வார்த்தை ஒன்றை
அவனுக்குக் கொடுத்துவிட்டு ஓடினேன்.
கடைசிக் கிலோமீட்டரை ஓடியது
நானல்ல, அந்த வார்த்தை.

சதுக்கத்து வளைவின் மேல் பெரிய கடிகாரம்
இரண்டு மணி நான்கு நிமிடம் என்றது.
அது எல்லோருக்குமான கடிகாரம்.
கல்தரையில் உட்கார்ந்து அதையே முறைத்தேன்.
பிறகு அலைபேசி நடுங்கியது.
ஒன்று. ஐம்பத்தொன்பது. நாற்பத்தேழு.
அழவில்லை. வாழைப்பழம் உரிக்க விரல் வரவில்லை,
பதக்கம் மாட்டிய பெண்ணே உரித்துக் கொடுத்தாள்.

பதிமூன்று விநாடி மிச்சம்.
அதை வைத்து என்ன செய்வது?
ஒரு காப்பி ஆறக்கூட ஆறாது.

திங்கள், காலை ஆறே கால், மீராமாரே நிறுத்தம்.
பொத்தானில் விரலை வைத்துவிட்டேன்.
கண்ணாடியில் ஒருத்தி ஓடி வருகிறாள்,
தோள்பை முட்டியில் அடிக்க,
ஒரு செருப்பு காலில், ஒன்று கையில்,
ஓட்டமென்று சொல்லவே முடியாத ஓட்டம்.
மற்ற நாளென்றால் மூடியிருப்பேன்.
பத்து. பதினொன்று.
பன்னிரண்டு.
ஏறினாள். நன்றி சொல்ல மூச்சில்லை,
சீட்டைப் பதியவும் மறந்துபோனாள்.
பின்னாலிருந்து யாரோ
கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.
வலது பாதத்தைப் பிரேக்கிலிருந்து எடுத்தேன்.
அம்மாடி, என்ன வலி.